இந்த மாசம் மிஸ்டு

ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டவர்களுக்கு அந்த மொழியால் பெரிய ஆபத்து எதுவும் வருவதில்லை. சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, அதை நாலு பேருக்குக் காட்டவும் ஆசைப்படுகிறவர்களைத்தான் அது காத்திருந்து கவிழ்க்கிறது. நான் இந்த இரண்டாவது ரகம். என்னைக் கவிழ்த்தது பெரிய வார்த்தைகூட இல்லை. ஆங்கிலத்தில் நாலே எழுத்து. மிஸ்.

நான் பிறந்தது தாராவியில். அப்பா பெல்ட் தைக்கிற பட்டறை வைத்திருந்தார். பத்தாவது வரை முனிசிபாலிட்டியின் தமிழ்ப் பள்ளி, தெருவில் ஹிந்தி, வீட்டில் திருநெல்வேலி. ஆங்கிலம் என்பது பிஸ்கட் பாக்கெட்டின் மேல் இருக்கும் சமாச்சாரம். கல்யாணமாகி செம்பூர்ப் பக்கம் திலக் நகருக்கு வந்தேன். மூன்றாவது மாடியில் ஒரு ரூம், ஒரு கிச்சன். வீட்டில் மாமியார், நாத்தனார் பவானி, கணவர், நான். (மாமனார் சுவரில் இருந்தார், சந்தன மாலையோடு.) கணவர் கணேசன் ஏசி மெக்கானிக். தூரத்து உறவில் எனக்கு அத்தை மகன், அதனால் அவர் அத்தான், மாமியார் அத்தை.

கல்யாணமான ஐந்தாவது மாதம் அத்தானுக்கு மஸ்கட்டில் வேலை வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனவர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார். நான்காவது முறையும் பார்ப்பார் என்று நானும் பவானியும் அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். பார்க்கவில்லை. போலீஸ்காரர் வந்து எங்களை நகர்த்திவிட்டார்.

போய்ச் சேர்ந்த மறுநாள் என் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. ‘ஐ மிஸ் யூ.’

எனக்கு அதுவரை மூன்று மிஸ்கள் தெரியும். ஒன்று, பள்ளிக்கூடத்தில் முட்டிபோட வைக்கும் மிஸ். இரண்டு, ரயிலை விடுவது. மூன்று, மிஸ்டு கால். (ஒரு ரிங் அடித்தால் வந்து சேர்ந்தாயிற்று, இரண்டு ரிங் அடித்தால் சாப்பிட்டாயிற்று. பம்பாயில் பாதிக் குடும்பம் இந்தத் தந்தியில்தான் நடந்தது.) இந்த மூன்றில் எதை வைத்துப் பார்த்தாலும் அந்த மெசேஜ் விளங்கவில்லை. என்னை ரயில் மாதிரி விட்டுவிட்டாரா? சரி, விட்டுவிட்டுத்தானே போயிருக்கிறார், இதைச் சொல்ல ஒரு மெசேஜா என்று கோபம்கூட வந்தது. காலேஜ் படிக்கும் பவானியிடம் போனைக் காட்டினேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “மைனி, அண்ணன் ஒங்கள நெனச்சு ஏங்குதானாம்.”

அன்றைக்கு நான் கடுகு தாளிக்காமலே சாம்பாரை இறக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு மிஸ் வரும். நானும் இங்கிருந்து ஒரு மிஸ் அனுப்புவேன். அவர் ‘ஸோ மச்’ என்று சேர்த்தால் நான் ‘டூ மச்’ என்று சேர்ப்பேன். அந்த போனில் தமிழ் எழுத்து கிடையாது. அத்தானுக்கு அதில் ஒரு யோசனையும் இருந்தது. “நீ இங்கிலீஷ்லயே எழுது வடிவு. ஒனக்குப் பழகும். நீயும் ஒரு வேலைக்குப் போயிட்டேன்னா நான் ஒரே வருஷத்துல திரும்பி வந்துருவேன்.”

ஒரே வருஷம் என்ற வார்த்தைக்காக நான் ஆங்கிலத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதத் தயாராக இருந்தேன். எழுதவும் செய்தேன். எப்படியென்றால், தமிழில் ஒரு வாக்கியத்தை மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வைப்பேன். அவ்வளவுதான். இதில் தப்பு நடக்க வழியே இல்லை என்று நம்பினேன்.

ஃபோர்ட் ஏரியாவில் ஒரு கூரியர் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. மாதத்துக்கு ஒரு நாள் பரீட்சை. கொஞ்சம் டைப்பிங், கொஞ்சம் இங்கிலீஷ். பத்து மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள். அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்று நானும் அத்தானும் முடிவு செய்தோம். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று எங்களுக்கு உறுதியாகத் தெரியும். (கேட்டுப் பார்த்தோமா? கேட்கவே இல்லை.) பரீட்சை எந்த நாள் என்பதை மட்டும் அத்தானிடமும் சொல்லவில்லை, வேலை கிடைத்ததும் சொல்லி அசத்தலாம் என்று. “தாராவிக்குப் போயி அம்மாவப் பாத்துட்டு வாரேன் அத்தை” என்று சொல்லிவிட்டு, கஞ்சி போட்ட காட்டன் புடவையில் கிளம்பினேன்.

பிளாட்பாரத்தில் ஃபோர்ட் பக்கம் போகும் எனக்கான வி.டி. ரயில் வந்தது. லேடீஸ் டப்பாவில் ஒரு கால் வைக்க இடம் இருந்தது. ஆனால் கொசுவம் கசங்கிவிடுமே என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த நொடியில் மீன் கூடையோடு ஒரு பெண்மணி என்னைத் தள்ளிவிட்டு ஏறினார். ரயில் போய்விட்டது. அடுத்து வந்ததில் எதையும் பார்க்காமல் பாய்ந்து ஏறி, ஜன்னலோரம் இடமும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு “மைசெல்ஃப் வடிவு” என்று மனப்பாடம் செய்ததை முணுமுணுக்க ஆரம்பித்தேன். பக்கத்து சீட்காரி ஏதோ விரதம் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். மூன்றாவது முறை சொல்லி முடித்துக் கண்ணைத் திறந்தால் வெளியே மாஹிம் என்று போர்டு. அது அந்தேரி ரயில். வடாலாவில் அது வேறு பக்கம் திரும்பியபோது நான் என்னுடைய பொழுதுபோக்குகளை விவரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

விழுந்தடித்துக்கொண்டு வண்டி மாறி ஃபோர்ட் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருபது. வாட்ச்மேன் நல்ல மனிதர். “கேட் பந்த் ஹோ கயா, பெஹன். அக்லே மஹினே ஆனா” என்றார். அடுத்த மாதம் வா. அவருக்கு அது ஒரு மாதம்தான். எனக்கு அத்தான் வருவது ஒரு மாதம் தள்ளிப்போய்விட்டது.

வி.டி. ஸ்டேஷன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். வயிறு எரிந்தது. தலை சுற்றியது. எதிர் பிளாட்பாரத்தில் ஒருவன் தன் பெண்டாட்டியின் தோளிலிருந்து பையை வாங்கித் தான் மாட்டிக்கொண்டு நடந்தான். அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. அத்தானிடம் இப்போதே எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இந்த மாசம் மிஸ் ஆயிடுச்சு, வயிறு எரியுது, தலை சுத்துது, அத்தைகிட்ட இப்போ சொல்ல வேண்டாம். என் வழக்கப்படி வார்த்தைக்கு வார்த்தை வைத்து, கண்ணீரைத் துடைத்துத் துடைத்து டைப் செய்தேன்.

‘திஸ் மன்த் மிஸ்டு. ஸ்டமக் பர்னிங். ஹெட் ரொட்டேட்டிங். டோன்ட் டெல் அத்தை நவ்.’

ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அனுப்பினேன். அனுப்பிய கையோடு போனில் சார்ஜ் தீர்ந்தது.

மஸ்கட்டில் ஏதோ ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், ஏசி மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மனிதர் அதைப் படித்தார். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். என் போனுக்குப் பதினான்கு முறை அடித்திருக்கிறார். ஸ்விட்ச்டு ஆஃப். அதற்கு மேல் எந்த ஆண்பிள்ளையால் தாங்க முடியும்? வீட்டு லேண்ட்லைனில் அம்மாவைக் கூப்பிட்டு, “வடிவு சொல்ல வேண்டாம்னா, ஆனா நான் சொல்லுதேன்” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

நான் அப்போது வி.டி. பெஞ்சில் வடாபாவ் தின்றுகொண்டிருந்தேன். அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மத்தியானமே திரும்பினால் சந்தேகம் வருமே என்று பொழுதைக் கழித்தேன். போகிற ரயில்களை எண்ணினேன். வந்து நின்ற ஒவ்வொரு ரயிலிலிருந்தும் இறங்கும் கூட்டத்தில் அத்தானின் நடையுள்ள ஆள் யாராவது இருக்கிறாரா என்று பார்த்தேன். இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நெருங்கி வந்ததும் அத்தான் மாதிரி இல்லாமல் போனார். இன்னொருவர் நெருங்கி வரவேயில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்றாவது மாடி ஏறினால் வாசல் நிறையச் செருப்பு. எனக்குத் திக்கென்றது. யாருக்கு என்ன ஆயிற்று? அதில் என் அம்மாவின் செருப்பும் இருந்தது. தாராவியில் இருக்க வேண்டிய செருப்பு இங்கே இருக்கிறதே, பொய் வெளிப்பட்டுவிட்டது என்று புரிந்தது.

உள்ளே நுழையும் முன்பே “அங்ஙனயே நில்லுட்டி!” என்று அத்தையின் குரல். நின்றேன். ஆரத்தித் தட்டோடு வந்தார். மூன்று சுற்று சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்து, தேங்காயை வாசற்படியில் ஓங்கி உடைத்தார். உள்ளே என் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு மராத்திக்காரி ஷிண்டே காக்கூ, “கோட் பாத்மீ! கோட் பாத்மீ!” என்று சொல்லிக்கொண்டே என் வாயில் முழு லட்டை அடைத்தார். இனிப்பான சேதி என்று அர்த்தம். பரீட்சையில் கோட்டை விட்டவளுக்கு இவ்வளவு வரவேற்பா? எவ்வளவு பெரிய மனசு இவர்களுக்கு, நான்தான் அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டேன் என்று லட்டோடு லட்டாக அழுதேன்.

அத்தை என் தலையைத் தடவினார். “எங்கிட்ட ஏன்ட்டி மறச்ச?”

“பயமா இருந்துச்சு அத்தை.”

“இதுல என்ன பயம்? காலையிலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே கூட வந்திருப்பேன்லா?”

“நீங்க திட்டுவீயன்னு நெனச்சேன்.”

“இதுக்குத் திட்டுவாவளா? ஒங்க அம்மாவக் கேளு, அவ எப்படி ஓடி வந்தான்னு. ஒன்னத் தேடி பவானியத் தாராவிக்கு அனுப்புனேன். நீ அங்க இல்லன்னதும், ஆஸ்பத்திரிக்குப் போயி உறுதிப்படுத்திட்டு வரத்தான் போயிருப்பேன்னு நெனச்சோம். அங்க என்ன சொன்னாவ?”

ஆஸ்பத்திரி என்ற வார்த்தை என் காதில் விழுந்தது. ஆனால் லட்டு, அழுகை, பசி எல்லாம் சேர்ந்து அது மூளை வரை போகவில்லை. வாட்ச்மேன் சொன்னதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

“லேட்டா வந்துட்டேன்னு உள்ளயே விடல அத்தை. அடுத்த மாசம் வரச் சொல்லிட்டாவ.” பிறகு, அவர் மனம் குளிரட்டும் என்று ஒரு சத்தியமும் செய்தேன். “கவலப்படாதீய. அடுத்த மாசம் கண்டிப்பா மிஸ் ஆவாது.”

அத்தை என் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அன்று காலையில்தான் அத்தை மிஸ் என்ற வார்த்தைக்கு மகனிடம் அர்த்தம் கேட்டு வைத்திருந்தார்.

“வாயக் கழுவுட்டி!” என்றாள் அம்மா.

பவானிதான் முதலில் விழித்துக்கொண்டாள். “மைனி, நீங்க எதச் சொல்லுதீய?”

“பரீட்சையத்தான்.”

“எந்தப் பரீட்சை?”

நான் சொன்னேன். மாஹிம் போர்டு வரை சொன்னேன். சொல்லச் சொல்ல, அவர்கள் முகத்திலிருந்து ஒவ்வொரு விளக்காக அணைவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். என் மெசேஜை நானே ஒருமுறை வாய்விட்டுச் சொன்னபோதுதான் அதன் மறு அர்த்தம் என் தலையில் தேங்காய் மாதிரி விழுந்தது. தமிழ் தெரியாத ஷிண்டே காக்கூ மட்டும் சிரித்த முகத்தோடு இன்னொரு லட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அதையும் வாங்கித் தின்றேன். வேறு என்ன செய்ய?

அத்தை வாசற்படியில் சிதறிக் கிடந்த தேங்காயைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறு மணிக்கு லேண்ட்லைன் அடித்தது. எடுத்ததும், “வடிவு! இங்க நம்ம மலையாளி ஃபோர்மேன் பாயசம் வச்சுட்டாரு! டாக்டர் என்ன சொன்னாரு? நீ படி ஏறக் கூடாது, கேட்டியா?” என்று அத்தான் மூச்சுவிடாமல் பேசினார். அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அதனால் உடனே சொல்ல மனம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று விட்டேன். பெண் என்றால் ஒரு பெயர், பையன் என்றால் ஒரு பெயர் வரை போய்விட்டார். பிறகு சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று பயந்து “அத்தான்” என்றேன்.

“இருக்கேன்” என்றார். கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை. “பரவால்ல வடிவு. காலையிலேருந்து இப்ப வரைக்கும் அப்பாவா இருந்தேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

“அந்தப் பாயசத்த வீணாக்காம குடிச்சிருங்க அத்தான்” என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தேன்.

அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். சமையலறையில் அத்தை அந்தத் தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அத்தை, ஒங்களுக்குப் பேரப்பிள்ள ஆசையக் காட்டி ஏமாத்திட்டேன்.”

“பேரப்பிள்ளையா?” அவர் துருவுவதை நிறுத்தவில்லை. “அது வரும்போது வரட்டும். நான் அதுக்கா தேங்கா ஒடச்சேன்? வளைகாப்புக்கு அவன் லீவு போட்டுட்டு வருவாம்லா, அதுக்கு ஒடச்சேன்.” பிறகு, தேங்காயிடம் சொல்வது போலச் சொன்னார். “எனக்கு அவனத் தேடுதுட்டி.”

எனக்கு முதுகில் யாரோ தட்டியது போல இருந்தது. மூன்று வாரமாக ஒரு வெளிநாட்டு வார்த்தையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலேயே, எங்கள் திருநெல்வேலிப் பேச்சிலேயே, அதற்கு ஒரு வார்த்தை சும்மா கிடந்திருக்கிறது. நான் அவரைத் தேடுகிறேன் என்றுகூட இல்லை. எனக்குத் தேடுகிறது. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், ரயிலில் நின்றுகொண்டிருந்தாலும், எனக்குள்ளே ஒன்று தானாகத் தேடிக்கொண்டே இருக்கிறது.

“எனக்கும்தான் அத்தை” என்றேன்.

“தெரியும். நீ தாளிக்காம எறக்குன சாம்பார நான்தான தின்னேன்” என்றார். அன்றைக்கு முதல்முறையாக இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் என்னை ஒரு பார்வை பார்த்தார். “வேலைக்குப் போவணும்னா எங்கிட்ட கேட்டா என்ன? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்? அடுத்த மாசம் நானே வந்து ரயில் ஏத்திவிடுதேன். ஒன்ன நம்ப முடியாது.”

அந்த வாரமே கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடையில் ஒரு பழைய டிக்‌ஷனரி வாங்கினேன். தடிமனானது, முதல் அட்டை இல்லாதது. பரீட்சைக்கு என்று சொல்லிக்கொண்டாலும் நான் முதலில் புரட்டியது அந்தப் பாவி வார்த்தையைத்தான். பவானி துணைக்கு உட்கார்ந்து அர்த்தம் சொன்னாள். பள்ளிக்கூட மிஸ்ஸுக்கும் இதற்கும் சொந்தமே கிடையாதாம். அது வீட்டு எஜமானியைக் குறிக்கும் வேறு ஒரு வார்த்தையின் சுருக்கம். நம்முடைய மிஸ் ரொம்பப் பழையது. ஆதியில் அதற்குக் குறி தப்புவது என்றுதான் பொருள். எறிந்த கல் படாமல் போவது, விட்ட அம்பு வேறெங்கோ விழுவது. அப்புறம் கைக்கு எட்ட வேண்டியது எட்டாமல் போனதெல்லாம் அதற்குள் வந்திருக்கிறது. இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இல்லையே என்று கண்டுகொள்வது, அதன் பிறகு, இல்லையே என்று மனம் வாடுவது. ரயிலும் பரீட்சையும் மாசமும் புருஷனும் ஒரே வார்த்தையில் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள், காலை நேரத்து லேடீஸ் டப்பா மாதிரி. இதில் நான் ஒருத்தி தடுக்கி விழுந்ததில் ஆச்சரியம் என்ன?

அடுத்த மாதம் சொன்னபடியே அத்தை ஸ்டேஷனுக்கு வந்தார். ரயிலின் நெற்றியில் எழுதியிருப்பதை அவரால் படிக்க முடியாது. அதனால் பிளாட்பாரத்தில் நின்ற நாலு பேரிடம், “வி.டி.? பக்கா வி.டி.?” என்று விசாரித்துவிட்டு, என்னை முதுகில் ஒரு கை கொடுத்து உள்ளே தள்ளினார். கொசுவம் கசங்கியது. பரீட்சை எழுதினேன். வேலை கிடைத்தது. டைப்பிங்கில் நல்ல மார்க், இங்கிலீஷில் அவர்கள் இரக்கப்பட்டிருக்க வேண்டும்.

அத்தானால் ஒரே வருஷத்தில் முழுதாகத் திரும்ப முடியவில்லை. ஆனால் வருஷம் முடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு மாத லீவில் வந்தார். ஏர்போர்ட்டில் மூன்று பெண்கள் நின்றோம். அவர் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே வந்தபோது எனக்கு எந்த மொழியும் ஞாபகம் வரவில்லை.

லீவு முடிந்து அவர் மஸ்கட் திரும்பிய ஆறாவது வாரம், சமையலறையில் அத்தை ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். நான் கதவோரம் நின்று சொன்னேன். “அத்தை, நாள் தள்ளிப் போயிருக்கு.”

புளியிலிருந்து கையை எடுக்காமல் நிமிர்ந்து பார்த்தார். “எந்த நாளு? பரீட்சை நாளா?”

“இல்ல அத்தை. நெசமாவே. காலையில டாக்டர்கிட்டயும் காட்டிட்டேன்.”

அவர் கையைக் கழுவினார். துடைத்தார். என் கன்னம் இரண்டையும் பிடித்து ஒரு நிமிஷம் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த போனை எடுக்கப் போனதும் எட்டிப் பிடுங்கிக்கொண்டார். “நீ ஒண்ணும் எழுதிப் போடாத தாயி. நானே அவன்ட்ட வாயால சொல்லுதேன்.”

ஒப்பந்தம் முடிய இருந்த மிச்ச மாதங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, பிரசவத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அத்தான் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு எங்கேயும் போகவில்லை. பவானிக்குக் கல்யாணமாகி முலுண்டில் இருக்கிறாள். அந்த லேண்ட்லைன் எப்போதோ செத்துவிட்டது. என் மெசேஜ் மட்டும் சாகவில்லை. எந்த வீட்டு விசேஷத்திலும் பந்தி முடிந்து பாயை விரித்ததும் யாராவது ஒருவர், “ஸ்டமக் பர்னிங்” என்று ஆரம்பிப்பார். மிச்சத்தை எல்லோரும் கோரஸாகச் சொல்லி முடிப்பார்கள். அத்தான்தான் எல்லோரையும் விட சத்தமாகச் சொல்லுவார்.

என் மகள் இப்போது காலேஜுக்குப் போகிறாள். காலையில் பஸ்ஸுக்கு என்று கீழே ஓடிப் போனவள் பத்து நிமிஷத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, “சே, மிஸ் ஆயிடுச்சும்மா” என்று வாசலில் நின்றால் போதும். உள்ளே கட்டிலில் படுத்திருக்கும் அத்தை, காது பாதிதான் கேட்கிறது என்றாலும், இந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

“எதுன்னு கேளுட்டி மொதல்ல! பொறவு தேங்கா ஒடைக்கலாம்.”